அயல்நாட்டிலிருந்து வீடு திரும்பும் வழி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பெட்டி படுக்கைகளைப் பற்றியது. இப்பொருளுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. வேலை தேடி நாம் நாகபுரிக்கு வந்தோம். நம் மக்களோ வேலை தேடி ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் நெதர்லாந்துக்கும் சென்றுவிட்டனர். அங்கே பேரப் பிள்ளைகள் பிறக்கின்றனர். பேறுகாலத்துக்குத் தாயை அழைக்கின்றனர். ஆனால் போவதற்கு அஞ்சி, மகளுக்கு ஒத்தாசை செய்யாமலே இங்கு நின்றுவிட்ட தாய்மார் சிலரை நாம் நேரில் அறிவோம். "போவது பெரிதல்ல, திரும்பி வருவது எப்படி?" என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

அக்கேள்வியில் பொருள் இருக்கிறது. போகும்போது நம் ஊரில் நம் மொழியில் வழியனுப்பிவைக்க ஆள் உண்டு; இறங்குமிடத்தில் மகனோ மகளோ காத்திருப்பர். திரும்பும்போது நிலைமை வேறு. மகள் பாதுகாப்புச் சோதனை வாயில்வரைதான் வர இயலும். அதற்கப்பால் பயணச் சீட்டு உடையார்க்கே இடம். அவ்வாயிலைத் தாண்டியபின் அறுபத்தைந்து வயது மூதாட்டி தனியாளாகிறார். சுற்றிலும் அயல்மொழி. ஆகவே ஐரோப்பாவிலிருந்து விமானம் ஏறி வீடு திரும்பும் முறையைப் படிப்படியாகச் சொல்வதே இன்றைய நம் நோக்கம். புகைவண்டிச் சீட்டு அலுவலகத்தில் பணிபுரிவதால், 'உமக்குச் சீட்டு விவரம் தெரியுமே' என்று அன்பர்கள் நம்மிடம் விமானச் சீட்டையும் கொண்டுவந்து காட்டுவது வழக்கமாயிற்று. நம் தமக்கையார் இல்லத்துக்குச் சென்று அன்னையாருடன் பிராங்க்பர்ட் வழியே திரும்பிய அனுபவமும் நமக்கு உண்டு.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் வேண்டும். உறுதி செய்யப்பட்ட புகைவண்டிச் சீட்டில் பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. நேரே சென்று ஏறிக்கொள்ளலாம். விமானச் சீட்டு அவ்வாறன்று. அது நிறுவனத்துக்கும் பயணிக்கும் உள்ள ஓர் உடன்படிக்கை மட்டுமே. 'நான் வந்துவிட்டேன்' என்று பயணி தெரிவித்து, 'போர்டிங் பாஸ்' என்னும் ஏறுசீட்டைப் பெற்ற பின்னரே அவருக்கு இருக்கை உறுதியாகிறது. இவ்வாறு தெரிவிப்பதற்குத்தான் 'செக்-இன்' என்று பெயர். பல நிறுவனங்கள் விமானம் புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே இதனைக் கைபேசி வாயிலாகச் செய்துகொள்ள இடமளிக்கின்றன. மகனோ மகளோ முந்தின நாளே இதை முடித்து, ஏறுசீட்டைத் தாளில் அச்சிட்டுப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுவது நலம். கைபேசியில் மின்னூட்டம் தீர்ந்துபோகலாம். தாளுக்கு அத்தொல்லை இல்லை.

இனி நாளையும் நேரத்தையும் பற்றிய செய்தி. இருபத்து நான்கு மணிக் கணக்கு புகைவண்டிப் பயணிகட்குப் புதிதன்று. எனினும் நள்ளிரவை ஒட்டிய வண்டியில் நாள் தவறி வருவோர் எத்தனை பேர் என்பதைச் சீட்டு அலுவலகத்தில் அமர்ந்திருப்போர் அறிவர். 5ஆம் தேதி 00.30 மணி என்று சீட்டில் இருந்தால், 4ஆம் தேதி இரவே நிலையத்தில் இருத்தல் வேண்டும். சீட்டில் காணும் நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் நேரம். ஜெர்மனியின் கடிகாரம் கோடையில் நம் கடிகாரத்துக்கு மூன்றரை மணி பின்தங்கியது. குளிர்காலத்தில் நாலரை மணி பின்தங்கியது. மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்றும் அங்குக் கடிகாரத்தை மாற்றுவர். அந்நாட்களை ஒட்டிப் பயணம் செய்வோர் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் செல்வது முறை. விமானம் புறப்பட ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி வாங்கும் முகப்பைப் பல நிறுவனங்கள் மூடிவிடும். மூடிய பின் கெஞ்சிப் பயனில்லை. நம் நிலையத்தில் வண்டி நகரும்போது ஓடி ஏறுவோர் உண்டு; விமானத்தில் அதற்கு வழியே இல்லை.

பெரிய நிலையங்களில் முனையங்கள் பல. எந்த முனையம் என்பதை முந்தின நாளே அறிதல் வேண்டும். பிராங்க்பர்ட்டில் மற்றொரு வசதி உண்டு. முதல் முனையத்தின் அடியிலேயே உள்ளூர் வண்டிகளுக்கான புகைவண்டி நிலையம் இருக்கிறது. அதனை அடுத்து, நெடுந்தொலைவு வண்டிகளுக்கென்றே 1999ஆம் ஆண்டில் தனி நிலையம் ஒன்றைத் திறந்தனர். வேற்றூரிலிருந்து புகைவண்டியில் வந்து இறங்கி நேரே விமான நிலையத்துள் நடந்துவிடலாம்.

அடுத்தது பெட்டி. இங்கேதான் பெரும்பாலார் இடர்ப்படுகின்றனர். பொதுவாக ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பது அளவு. எத்தனை பெட்டி என்பது சீட்டைப் பொறுத்தது. இரண்டு பெட்டிக்கு உரிமையிருப்பின், ஒன்றில் 27, மற்றொன்றில் 19 என வைத்து 'மொத்தம் சரிதானே' என்பது பெரும்பாலும் செல்லாது. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே நிறுக்கப்படும். தூக்கிவைக்கும் தொழிலாளரின் முதுகைக் கருதி, தனிப் பெட்டி 32 கிலோவுக்கு மேற்படலாகாது என்பதும் பொது விதி. கையில் கொண்டுசெல்லும் பைக்கு ஏழு அல்லது எட்டுக் கிலோ என்பது பல நிறுவனங்களின் கணக்கு.

பிராங்க்பர்ட்டில் நாம் வரிசையில் நின்றபோது நமக்கு முன்னே ஒரு முதிய தம்பதியர் நின்றிருந்தனர். பேச்சால் ஆந்திர நாட்டினர் என அறிந்தோம். பெட்டி நான்கு கிலோ மிகுந்திருந்தது. முகப்பிலிருந்த பெண்மணி மரியாதையாகவே சொன்னார். ஆனால் அளவு அளவுதான். பெரியவர் தரையில் அமர்ந்து பெட்டியைத் திறந்தார். புடவைகள், பாத்திரம், பழப்பாகுக் குப்பிகள், உள்ளாடைகள், பேரப் பிள்ளை கிறுக்கிய படங்கள் யாவும் பலர் முன்னிலையில் தரையில் பரவின. அவ்வம்மையார் தம் புடவைத் தலைப்பால் சிலவற்றை மூட முயன்றார். தம் கம்பளிச் சட்டை இரண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தாமே அணிந்துகொண்டார். படங்களை மட்டும் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். பின்னே நின்றோர் சலிப்பொலி எழுப்பினர். சிறிய அளவு தவறியதால் பெரியோர் இருவர்க்கு நேர்ந்த தலைக்குனிவு அது. நூறு ரூபாய் சில பெறும் கைத்தராசு ஒன்று வீட்டில் இருந்திருப்பின் இது நேர்ந்திராது. ஆகவே பெட்டியை வீட்டிலேயே நிறுத்து, 23க்கு ஒரு கிலோ குறைவாகவே அடைத்தல் வேண்டும்.

எப்பொருளை எதில் வைப்பது? பணம், நகை, கடவுச்சீட்டு, மருந்து, மருத்துவர் சீட்டு, வீட்டுச் சாவி ஆகியன எப்போதும் கைப்பையில். கத்தி, கத்தரிக்கோல் போன்றவை பெரிய பெட்டியில். நீர்ப்பொருள்களுக்கு ஒரு விதி உண்டு. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில், நீர்ப்பொருள் வடிவில் வெடிமருந்தை விமானத்தில் ஏற்றும் சதியொன்றை லண்டனில் கண்டுபிடித்தனர். அதன் விளைவாக அவ்வாண்டு நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கட்டுப்பாடு இது: கைப்பையில் வைக்கும் எந்த நீர்ப்பொருளும் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கலத்தில் இருத்தலாகாது, அத்தகைய சிறு கலங்கள் யாவும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பையொன்றில் அடங்க வேண்டும். பாதி காலியான 200 மில்லிலிட்டர்க் குப்பியும் ஆகாது. கலத்தின் அளவே கணக்கு. நீர்ப்பொருள் என்றால் தண்ணீர் மட்டுமன்று. பழப்பாகு, ஊறுகாய், தயிர், தைலம், பற்பசை, சாக்லேட்டுக் குழம்பு ஆகியவையும் அதில் அடங்கும். பயணத்துக்கு வேண்டிய மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. சோதனையின்போது அவற்றைத் தனியே எடுத்துக் காட்டுதல் வேண்டும். புதிய கருவிகள் அமைந்த சில நிலையங்களில் இவ்விதி தளர்ந்து வருகிறது. எனினும் எந்நிலையத்தில் எந்தக் கருவி என்று ஆராய்வதினும் பழைய விதியைப் பின்பற்றுவதே அச்சமற்ற வழி.

கைபேசிக்கு மின்னூட்டும் 'பவர் பேங்க்' எனும் பெட்டி கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். பெரிய பெட்டியில் வைத்தல் அறவே கூடாது. லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் பயணிகள் அறையில் அணைக்கலாம். சரக்கறையில் அணைப்பது அரிது என்பதே காரணம். 100 வாட்-மணி வரை தடையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று குறித்த பெட்டி ஏறக்குறைய 74 வாட்-மணி ஆகும். ஆகவே அது செல்லும். பயணத்தின்போது அதனைப் பயன்படுத்துவதைப் பல நிறுவனங்கள் தடுத்துள்ளன என்பதையும் நினைவிற் கொள்க.

இனி முகப்பு. அங்கே கடவுச்சீட்டைக் கேட்பர். எவ்வூருக்குச் செல்கிறீர் என்பர். பெட்டியை நீரே அடுக்கினீரா, பிறர் எவரேனும் பொருள் கொடுத்தனரா என்றும் கேட்கக்கூடும். இவை நம்மை ஐயுற்றுக் கேட்கும் கேள்விகள் அல்ல, யாவரிடமும் கேட்பவை. முன்பின் அறியாதவர் 'இந்தச் சிறு பொட்டலத்தை ஊரில் சேர்த்துவிடுங்கள்' என்று வேண்டினால் கைகூப்பி மறுத்துவிடுதலே அறிவுடைமை. அயல்நாட்டுக் கடவுச்சீட்டு உடைய பேரப் பிள்ளையை உடன் அழைத்து வருவோர், அப்பிள்ளையின் இந்திய விசாவையோ 'ஓ.சி.ஐ.' அட்டையையோ முகப்பில் காட்டுதல் வேண்டும். அஃதின்றேல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

பெட்டியில் ஒட்டும் துண்டுச் சீட்டை ஒரு முறை படித்துப் பாருங்கள். புகைவண்டி நிலையங்களுக்குக் குறியெழுத்து இருப்பதுபோல் விமான நிலையங்களுக்கும் மூன்றெழுத்துக் குறி உண்டு. நாகபுரிப் புகைவண்டி நிலையம் என்.ஜி.பி.; விமான நிலையம் என்.ஏ.ஜி. சென்னை சென்ட்ரல் எம்.ஏ.எஸ்.; சென்னை விமான நிலையம் எம்.ஏ.ஏ. ஊர்ப் பெயர்கள் மாறியும் மதராஸ் என்ற பழம்பெயர் இவ்விரு குறிகளிலும் வாழ்கிறது. மும்பையின் குறி இன்றும் பி.ஓ.எம். என்பதே. நம் பெட்டி எவ்வூர்வரை செல்கிறதோ அவ்வூரின் குறி அச்சீட்டில் பெரிதாய் இருக்கும். அதன் அடிக்கட்டையைப் பயணியிடம் கொடுப்பர். அதில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். பெட்டி தவறினால் அந்த எண்ணே சான்று. அதனைக் கடவுச்சீட்டுக்குள் செருகி வையுங்கள்.

முகப்பில் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. பெட்டி எதுவரை செல்லும்? நான் அதனை எங்கே எடுக்க வேண்டும்? இக்கேள்விகள் இன்றியமையாதன. தில்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானம் மாறி வருவோர், முதலில் இறங்கும் இந்திய நிலையத்திலேயே பெரும்பாலும் பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை கடந்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். பெட்டியில் நாகபுரி என்று ஒட்டியிருப்பினும் இதுவே பெரும்பான்மை வழக்கம். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனிச் சீட்டு வாங்கியோர் மேலும் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்; முதல் விமானம் தாமதமானால் இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. ஆகவே ஒரே சீட்டாக எடுப்பதே பெற்றோர்க்கு உகந்தது. சிறிது விலை கூடினும் கூடட்டும்.

அயல்நாட்டில் வாங்கிய பொருளுக்குச் செலுத்திய வரியைத் திரும்பப் பெறும் உரிமை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாழும் பயணிக்கு உண்டு. ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேற்பட்ட கொள்முதலாக இருத்தல் வேண்டும். கடையில் அதற்குரிய படிவம் பெற்று, பொருளையும் படிவத்தையும் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை பெறுதல் முறை. பெட்டியை ஒப்படைத்த பின் 'பொருளைக் காட்டு' என்றால் என் செய்வது? எனவே அப்பொருள் பெரிய பெட்டியில் இருப்பின் முகப்பிலேயே இதனைச் சொல்லி, சுங்கத்துக்கு முதலில் செல்லுதல் வேண்டும்.

அடுத்துக் கடவுச்சீட்டுச் சோதனை. ஷெங்கன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் இன்று 29. அவற்றுள் ஒன்றினின்று மற்றொன்றுக்குப் பறக்கையில் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. அவ்வெல்லையை விட்டு நீங்கும் கடைசி நிலையத்தில்தான் சோதனை. உறவினரைக் காணச் செல்வோர் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. விசாவில் தேதிகள் மட்டுமின்றித் தங்கும் நாட்களின் எண்ணிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும், அவ்வெண்ணிக்கையே கட்டுப்பாடு. சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் கணக்கில் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகப் புதிய பதிவு முறை ஒன்று வந்துள்ளது. முத்திரை குத்துவதற்கு மாறாக, முகப்படமும் கைரேகையும் பெற்றுக் கணினியில் பதிகின்றனர். முத்திரை மங்கிவிட்டது என்ற சாக்கு இனிச் செல்லாது. ஒரு நாள் மிகினும் கணினி காட்டிவிடும்.

முதியோர் பலர் சக்கர நாற்காலி கேட்க நாணுகின்றனர். 'நான் என்ன நொண்டியா?' என்று நம் அன்னையாரே கேட்டார்கள். நாணத்துக்கு இதில் இடமில்லை. நடக்க இடர்ப்படுவோர்க்கு உதவுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் 1107ஆம் எண் விதியால் நிலையத்தின் கடமை ஆக்கியுள்ளது. இதற்குக் கட்டணம் கிடையாது. பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னதாக விமான நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டால் போதும். உதவியாளர் முகப்பிலிருந்து சோதனைகளைக் கடந்து விமான வாயில்வரை அழைத்துச் செல்வார். மைல் கணக்கில் நீளும் நடைவழிகளில் மூட்டு வலியுடையார்க்கு இது பேருதவி. ஆயின் வலுவுடையோர் வரிசையைத் தவிர்ப்பதற்காக இதனைக் கேட்பது அறமன்று. உண்மையில் தேவைப்படுவோர் காத்திருக்க நேரும்.

இத்தனையும் செய்த பின்னும் இடர் வரலாம். விமான நிறுவனங்கள் சில வேளை இருக்கைக்கு மிஞ்சிச் சீட்டு விற்பதுண்டு. நேரத்தில் வந்த பயணியை அவர் விருப்பமின்றி விட்டுச் சென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் விதி துணை நிற்கிறது. ஒன்றியத்து நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நாட்டு விமானத்துக்கும் அது பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு இழப்பீடு 600 யூரோ. நெடுநேரம் காக்கவைத்தால் உணவும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் நிறுவனம் அளித்தல் வேண்டும். பெட்டி வந்து சேராவிடில், நிலையத்தை விட்டு வெளியேறுமுன் நிறுவனத்தின் முகப்பில் எழுத்து வாயிலாக முறையிட்டு, படியொன்று பெறுக. 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதமுற்ற பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாய் வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுதிக் கேட்டல் வேண்டும். நாள் கடந்தால் உரிமையும் கடந்துவிடும்.

அன்பர்களே! இவையனைத்தையும் ஒருங்கே நோக்கின், ஆங்கிலப் புலமை எங்கும் தேவைப்படவில்லை என்பது விளங்கும். தேவைப்படுவது ஒழுங்கு ஒன்றே. நாம் பள்ளி இறுதி வகுப்பளவே படித்தோம். எனினும் வழியறிந்து திரும்பினோம். நம் அன்னையார் அதுவும் படித்ததில்லை. அவர்கள் கையில் தமக்கையார் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதில் விமான எண், வாயில், மாறும் ஊர், மகளின் தொலைபேசி எண் ஆகியன தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் இருந்தன. வழியில் இடுநீலச் சட்டையணிந்த ஊழியர் எவரைக் கண்டாலும் அத்தாளை நீட்டுவார்கள். ஊழியரும் கைகாட்டி வழி சொல்வார்கள். வாய்பேசாத் தாளே அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன் ஆயிற்று.

ஆகவே சங்கத்துக்கு நம் விண்ணப்பம் ஒன்று உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறன்று மாலை, நம் நூலக அறையில் விவரமறிந்த உறுப்பினர் இருவர் அமர்தல் வேண்டும். பயணம் புறப்படும் பெரியோர் தம் சீட்டையும் விசாவையும் கொண்டுவந்தால், தேதிகளைச் சரிபார்த்து, இத்தகைய தாளொன்றை எழுதிக் கொடுத்தல் வேண்டும். சங்கத்தின் செலவில் கைத்தராசு ஒன்று வாங்கி வைத்து, போகிறவர் கொண்டுசென்று திரும்பும்போது ஒப்படைக்கச் செய்யலாம். பொருட்செலவு மிகச் சிறிது. பயனோ, மகளின் பேறுகாலத்தில் தாய் அருகில் இருப்பது. இவ்வூருக்கு முன்னர் வந்த நம் மூத்தோர், பின்னர் வந்தோர்க்கு வீடு தேடிக் கொடுத்தும் அடுப்பு மூட்டிக் கொடுத்தும் உதவினர். அவ்வழக்கத்தினின்றே இச்சங்கம் தோன்றியது. அவ்வுதவி இன்று எடுக்கவேண்டிய வடிவம் இது என்பது நம் கருத்து. முதல் ஞாயிறன்று அமர்வதற்கு நம் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இன்னொரு பெயரை அவையோர் தரவேண்டும்.